பெரியப்பாவுக்கு ஒரு வாரப் படங்கள்

*குடும்பக் குழு, ஃப்ரீமான்ட் – சன்னிவேல், கலிஃபோர்னியா*

ஞாயிறு

அண்ணன்: பெரியப்பா ஊருக்குத் திரும்புவதற்குள் அவரை நல்ல தியேட்டர்களுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். இந்த வாரம் போய்விடுவோம். புதன், பாலோ ஆல்டோ ஸ்டான்ஃபோர்டு தியேட்டர்: கறுப்பு வெள்ளைப் படங்கள் இரண்டு, ஒரே டிக்கெட். வியாழன், பெர்க்லி திரைப்பட ஆவணக் காப்பகம்: பழைய ஜப்பானியப் படம். வெள்ளி, சான் பிரான்சிஸ்கோ ராக்ஸி தியேட்டர்: உள்ளூர்க்காரர் எடுத்த ஆவணப்படம். சனி மாலை, நம் ஃப்ரீமான்டிலேயே நைல்ஸ் பகுதியில் மௌனப்படம்.

சித்தப்பா: இதெல்லாம் வீட்டிலேயே டிவியில் வருகிறதே. பெட்ரோல் வேறு தண்டம்.

சித்தி: நீங்கள் வரவேண்டாம். நாங்கள் போகிறோம்.

பெரியப்பா: ஃபிலிமில் ஓட்டுகிறார்களா, கம்ப்யூட்டரிலா? அதை முதலில் சொல்லுங்கள்.

அண்ணன்: ஸ்டான்ஃபோர்டில் 35 மி.மீ. ஃபிலிம், பெரியப்பா. 1925-இல் கட்டிய தியேட்டர். 1987-இல் பேக்கார்டு அறக்கட்டளை வாங்கிப் பழையபடி புதுப்பித்தது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம்கூட ஓட்டும் வசதி அங்கே உண்டு. அமெரிக்காவிலேயே அப்படி விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன.

பெரியப்பா: நைட்ரேட் பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் எரியும். நான் தியேட்டரில் ஆப்பரேட்டராகச் சேர்வதற்குள் அது ஒழிந்து, எளிதில் தீப்பற்றாத சேஃப்டி ஃபிலிம் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் முதலாளி மணல் வாளியை அறையில் இருந்து எடுக்க விடமாட்டார். நான் வருகிறேன்.

சித்தப்பா: அண்ணா, டம்பார்ட்டன் பாலம் தாண்டினால் சுங்கம் கட்ட வேண்டும்.

பெரியப்பா: நான் கட்டுகிறேன். நீ வண்டியை மட்டும் ஓட்டு.

அக்கா: நான் சன்னிவேலில் கால்ட்ரெய்ன் ஏறி வந்துவிடுகிறேன். பாலோ ஆல்டோ ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துவிடலாம்.

புதன் இரவு

அக்கா: விளம்பரம் இல்லை, டிரெய்லர் இல்லை. விளக்கு அணைந்தது, படம் தொடங்கிவிட்டது. இரண்டு படங்களுக்கு நடுவே ஆர்கன் வாசித்தார்கள். அப்போது யாருமே கைப்பேசியை எடுக்கவில்லை. எனக்கே வியப்பாக இருந்தது.

நான்: பெரியப்பா கதையைப் பார்க்கவே இல்லை. திரையின் வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா: கதையையும் பார்த்தேன். ரீல் முடியப்போகிறது என்றால் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். கண் சிமிட்டினால் தெரியாது. முதல் புள்ளிக்கு, அடுத்த ரீல் ஏற்றிய இரண்டாவது புரொஜெக்டர் மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு விநாடியில் இரண்டாவது புள்ளி. உடனே அந்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். அரை நொடி தவறினாலும் திரை வெளுத்துவிடும், கீழே விசில் கிளம்பும். இங்கே மாற்றியது அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே மெஷின் அறையில் இருப்பவர் கைதேர்ந்தவர்.

சித்தி: அத்தான், டூரிங் டாக்கீஸிலும் இப்படித்தானா?

பெரியப்பா: அங்கே ஒரே மெஷின்தான் அம்மா. ரீல் தீர்ந்தால் விளக்கைப் போட்டுவிடுவோம். அடுத்த ரீலை ஏற்றி முடிப்பதற்குள் தரை டிக்கெட்டில் முறுக்கு வியாபாரம் முடிந்துவிடும்.

சித்தப்பா: ஒரு மாதிரி வட்டமாக வந்ததே, அதுவா? நான் ஃபிலிமில் கீறல் என்று நினைத்தேன்.

வியாழன் இரவு

சித்தி: ஜப்பானியப் படம் நன்றாக இருந்தது. கொஞ்சம் மெதுவாகப் போனது. நம் நாட்டுப் படம் எதுவும் வைத்திருக்கமாட்டார்களா?

அண்ணன்: போடுவார்கள் சித்தி. இந்தக் காப்பகம் 1971 முதல் நடக்கிறது. ஜப்பானுக்கு வெளியே ஜப்பானியப் படங்களின் மிகப்பெரிய தொகுப்பு இவர்களிடம்தான். நம் பக்கம் என்றால், சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சத்யஜித் ராய் ஆய்வு மையம் இருக்கிறது. 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் தீப்பிடித்து அவருடைய நெகட்டிவ்கள் கருகிவிட்டன. தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். பிறகு இத்தாலியில் போலோன்யாவில் அவற்றுக்கு ஈரமூட்டி, பிய்ந்த ஓரத் துளைகளைக் கையால் சரிசெய்து, கிடைத்த அடிகளை மீட்டார்கள். ‘பதேர் பாஞ்சாலி’ முதலான அப்பு படங்கள் மூன்றும் 2015-இல் மறுபடி திரைக்கு வந்தன.

பெரியப்பா: கருகிய ஃபிலிம் தொட்டாலே நொறுங்கும். ஒரு துளை பிய்ந்தால் ஒட்டவே எனக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தப் பிள்ளைகளைக் கும்பிட வேண்டும்.

வெள்ளி இரவு

அக்கா: ராக்ஸியில் இயக்குநரே வந்து படம் முடிந்ததும் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். உண்மையைச் சொன்னால் படம் எனக்குப் பிடிக்கவில்லை, இருபது நிமிடம் வெட்டியிருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட படத்துக்கும் வெள்ளிக்கிழமை இரவு ஒரு திரை கிடைக்கிறது. பெரிய தியேட்டர்காரர்கள் வாசல்படியில்கூட நிற்க விடமாட்டார்கள்.

அண்ணன்: லாப நோக்கம் இல்லாமல் நடத்துகிறார்கள், அதனால்தான்.

சித்தப்பா: படத்தை விடுங்கள். திரும்பும்போது ஃப்ரீமான்டுக்கு நேர் பார்ட் ரயில் இல்லை. பே ஃபேரில் மாறிக் குளிரில் நின்றோம். அடுத்த தடவை பகல் காட்சியாகப் பாருங்கள்.

நான்: அடுத்த தடவை என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

சனி காலை

அண்ணன்: இன்று நைல்ஸ், எடிசன் தியேட்டர். 1913-இல் கட்டியது. அந்தத் தெருவிலேயே எஸ்ஸனே என்ற சினிமா ஸ்டுடியோ இருந்தது. 1915-இல் சாப்ளின் இங்கே வந்து ஐந்து படங்கள் எடுத்தார். ‘தி டிராம்ப்’ படத்தில் அவர் தனியாக நடந்து போகும் முடிவு நம் நைல்ஸ் பள்ளத்தாக்குச் சாலையில் எடுத்ததுதான்.

சித்தப்பா: நான் தினமும் வேலைக்குப் போகிற சாலை அது! இத்தனை வருடத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே.

சித்தி: அங்கே நீங்கள் முன்னால் போகும் வண்டியைத் திட்டுவதில் மும்முரமாக இருந்திருப்பீர்கள்.

பெரியப்பா: இன்று பாட்டு உண்டா?

அண்ணன்: பியானோ உண்டு. படம் ஓட ஓடப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள்.

பெரியப்பா: அப்படியென்றால் வாசிப்பவரின் கை தெரிகிற இடமாகப் பார். திரை கொஞ்சம் கோணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. முடிந்ததும் மெஷின் அறையை எட்டிப் பார்க்க விடுவார்களா என்றும் கேட்டு வை.

அண்ணன்: கேட்கிறேன். அந்த இடம் வேண்டுமென்றால் ஆறரைக்கே கிளம்ப வேண்டும்.

பெரியப்பா: ஆறேகாலுக்கு நான் காரில் இருப்பேன். உன் சித்தப்பாவை எழுப்பிவிடு, மத்தியானம் படுத்தால் ஏழுக்குத்தான் எழுவான்.