சந்தேகம்: 33 அடி ஃபிஃப்த் வீல் கேம்பர் இழுக்க பெட்ரோல் ட்ரக்கா, டீசலா?

மதுரைக்காரன் (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

வணக்கம். ஒரு ஹெவி டியூட்டி பிக்கப் வாங்கணும். பெட்ரோலா டீசலான்னு எங்க வீட்ல தினமும் பட்டிமன்றம் நடக்குது, நடுவர்தான் இல்ல.

கேம்பர் முடிவாயிடுச்சு. 33 அடி ஃபிஃப்த் வீல், அதாவது ட்ரக்கோட பின்தொட்டியில மாட்டி இழுக்கிற வகை. காலியா 9,800 பவுண்டு, சாமான் தண்ணி எல்லாம் ஏத்தினா அதிகபட்சம் 12,400. கோடை லீவுக்கு கொலராடோ, முடிஞ்சா யெல்லோஸ்டோன். நான், மனைவி, ரெண்டு பசங்க. மதுரையிலேருந்து அப்பா அம்மா வர்ற வருஷம் அவங்களும் கூட வருவாங்க, அதனால முன்னாடி பெஞ்ச் சீட் உள்ள க்ரூ கேப் (நாலு கதவு) 4x4 பார்க்கிறேன். மத்த நாள்ல வண்டிக்குப் பெருசா வேலை இல்ல. எனக்கு வீட்லேருந்தே ஆபீஸ். பசங்கள ஸ்கூல்ல விடணும், காஸ்ட்கோ போகணும், அவ்வளவுதான்.

பார்த்து வெச்சிருக்கிறது ஃபோர்டு எஃப்-250. ஒண்ணு 7.3 லிட்டர் பெட்ரோல் வி8, இன்னொண்ணு 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல். டீசலுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் டாலர் கூட. "இந்த எடைக்கு டீசல் இல்லாம மலைப்பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க"ங்கிறார் சேல்ஸ்மேன். டீசல் வெச்சிருந்து நொந்துபோன ஆபீஸ் நண்பர் வேணவே வேணாங்கிறார். யார் பேச்சைக் கேக்கிறது?

மைல்_ஹை_தமிழன் (டென்வர்)

டீசல். கொலராடோன்னு சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன பட்டிமன்றம்?

டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடி ஏற ஏற சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும் ப்ரோ. ஐ-70 ஹைவேல ஐசனோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்துல இருக்கு. 7.3க்கு 430 குதிரைசக்தின்னு போட்டிருக்கிறது கடல்மட்டக் கணக்கு. சுரங்க வாசலுக்கு வர்றப்ப 290 பக்கம்தான் கையில இருக்கும். டீசல்ல டர்போ இருக்கிறதால காத்து மெலிஞ்சாலும் அமுக்கி உள்ள தள்ளிடும். டார்க்கும் (எஞ்சினோட முறுக்குவிசை) அப்படித்தான்: பெட்ரோலுக்கு 485 பவுண்டு-அடி, அதுவும் 4,000 ஆர்பிஎம்ல. டீசலுக்கு 1,050, அது 2,000க்குள்ளேயே வந்துடும்.

சில்வர்தார்ன்லேருந்து சுரங்கம் வரைக்கும் எட்டு மைல், 7 சதவீதம் வரை ஏற்றம். (பக்கத்துலயே ஒரு ஃப்ரிஸ்கோ இருக்கு, ஊர்ப்பேரைப் பார்த்து வீட்டுக்கு வந்துட்டோம்னு நினைச்சுடாதீங்க.) பெட்ரோல் வண்டி 4,500 ஆர்பிஎம்ல அலறிக்கிட்டு, வலது லேன்ல லாரிங்களோட 35, 40ல போகும். ஏறுறதைக்கூட விடுங்க, இறங்குறதைச் சொல்லுங்க. டீசல்ல எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சினை வெச்சே வேகத்தை அடக்கறது) சுவிட்சைப் போட்டுட்டா பிரேக்ல கால் வைக்கிற வேலையே பாதியா குறைஞ்சிடும். பின்னாடி அப்பா அம்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த நிம்மதிக்கு விலை போட முடியாது.

கணக்கப்பிள்ளை (நியூ ஜெர்சி)

விலை போட்டுத்தான் பார்ப்போமே. வருஷத்துக்கு 5,000 மைல் கேம்பரோடு, 6,000 மைல் வெறும் வண்டி என்று வைத்துக்கொள்கிறேன். பெட்ரோல் கேலன் 3 டாலர், டீசல் 3.60. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேம்பரோடு போகும்போது பெட்ரோல் 8.5 மைல் கொடுத்தால் 588 கேலன், 1,764 டாலர். டீசல் 11.5 கொடுத்தால் 435 கேலன், 1,566 டாலர். மிச்சம் 198. வெறும் வண்டியாக 14க்கு எதிராக 17 மைல் என்று போட்டால் மிச்சம் வெறும் 15 டாலர். ஆக வருஷத்துக்கு 213 டாலர். அந்த 213ஐயும் டீசலுக்கான 13 குவார்ட் ஆயிலும், ஃப்யூயல் ஃபில்டர்களும், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டெஃப் திரவமும் தின்றுவிடும்.

பழைய வண்டியாக விற்கும்போது டீசலுக்கு நல்ல விலை உண்டு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு அப்போது திரும்பும். ஆனாலும் செலவு மிச்சம் என்று சொல்லி யாராவது உங்களிடம் டீசலை விற்றால் நம்பாதீர்கள். மலைக்காக வாங்குகிறேன் என்றால் அது வேறு கதை, அதை நான் மறுக்கவில்லை.

டீச்சரம்மா (ஃபீனிக்ஸ்)

நாங்க டீசல்தான் வெச்சிருக்கோம், ஃபிஃப்த் வீல்தான் இழுக்கிறோம். ப்ரோஷர்ல வராத ரெண்டு விஷயம் சொல்றேன்.

நல்லது முதல்ல. ட்ரக்கும் கேம்பரும் சேர்ந்து அம்பது அடிக்கு மேல நீளம். பெட்ரோல் வண்டியா இருந்தா கார்கள் நிக்கிற பம்ப்ல போய் மாட்டிக்கணும். உள்ள போறது சுலபம், வெளிய வர்றதுக்குள்ள எதிர்ல ஐஸ்கட்டி மூட்டை வெச்ச பெட்டி, இந்தப் பக்கம் மஞ்சத் தூணு, பின்னாடி ஹாரன். டீசல் போட்டா ட்ரக் ஸ்டாப்ல லாரி லேன்லயே நேரா நுழைஞ்சு நேரா வெளிய வந்துடலாம். ஷார்ட் பெட் (பின்தொட்டி நீளம் குறைஞ்ச) வண்டியில டேங்க் 34 கேலன். எட்டரை மைல்னு வெச்சா 290 மைல். அமரில்லோ பக்கம் எதிர்காத்து அடிச்சா அதுவும் வராது. அங்க பம்ப் தேடுறது ஒரு தனி வேலை.

கெட்டது என்னன்னா, நீங்க சொன்ன ஸ்கூல், காஸ்ட்கோ ஓட்டம் இருக்கே, அது டீசலுக்கு ஆகாது தம்பி. புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் அதுவா சூடாகி கரியை எரிச்சுத் தள்ளணும். அதுக்கு ஒரு இருபது முப்பது நிமிஷம் ஹைவேல நிக்காம ஓடணும். அஞ்சு மைல் போய் அணைச்சு, அஞ்சு மைல் வந்து அணைச்சா, பாதியிலயே நின்னு நின்னு ஃபில்டர் அடைச்சுக்கும், ஆயில்லயும் டீசல் கலக்கும். எங்க வீட்டுக்காரர் இதுக்காகவே ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துக்கிட்டு ஹைவேல சும்மா சுத்திட்டு வருவாரு. கேட்டா ட்ரக்குக்கு வாக்கிங்காம்.

டோ ரேட்டிங், அதாவது எவ்வளவு எடை இழுக்கும்னு கம்பெனி போடுற நம்பரைப் பார்த்து மயங்காதீங்க. அந்த நம்பருக்கான ஜே2807ங்கிற விதிப்படி ஏற்றச் சோதனை எங்க அரிசோனாலதான், புல்ஹெட் சிட்டிலேருந்து கோல்டன் வேலி வரைக்கும் ஹைவே 68ல 11.4 மைல். ஏசி முழுசா ஓடணும், பின்னாடி ஒத்த டயர் உள்ள வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழ இறங்கக்கூடாது. கொளுத்துற வெயில்ல ஏறிடும்ங்கிறதுக்கு அது அத்தாட்சி. 11,000 அடி உயரத்துல எப்படி ஏறும்னு அது சொல்லாது.

புதுசா_வந்தவன்

அந்த டிபிஎஃப்பையே கழட்டிட்டா? "டெலீட்" பண்ணலாம்னு யூடியூப்ல பார்த்தேனே.

கணக்கப்பிள்ளை (நியூ ஜெர்சி)

கூட்டாட்சி காற்று மாசுச் சட்டப்படி சட்டவிரோதம். வாரண்டியும் போய்விடும். அடுத்த கேள்வி.

லாரி_அண்ணை (டொரோண்டோ)

தம்பி, நான் 53 அடி ட்ரெய்லர் இழுக்கிற ஆள். எல்லாரும் எஞ்சினைப் பற்றியே கதைக்கிறீங்கள். பாரம் எங்க இருக்குதெண்டு ஒருத்தரும் கேட்கேல்லை.

ஃபிஃப்த் வீலின்ர பாரத்தில 20 முதல் 25 வீதம் ட்ரக்கின்ர முதுகிலதான் இருக்கும். அதுதான் பின் (pin) வெயிட். ப்ரோஷரில போட்டிருக்கிறது காலி வண்டியின்ர கணக்கு, அதை நம்பாதேங்கோ. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிட நல்ல பாரம். பல 250, 2500 வண்டிகளில மொத்த எடை வரம்பே 10,000 பவுண்டுதான், அதில எஞ்சின் பாரம் கூடினால் உங்களுக்கு ஏத்த மிஞ்சுறது குறையும். ஒரே மொடல், ஒரே நிறம், டீசல் வண்டி குறைவாத்தான் சுமக்கும். சேல்ஸ்மேன் இதைச் சொல்ல மாட்டார்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கோ. தூணில டயர் பிரஷர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு பவுண்டுக்கு மேல போகக்கூடாதெண்டு அதில எழுதியிருக்கும். ரெண்டு வண்டியிலயும் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்து இங்க எழுதுங்கோ. பிறகு கதைப்பம்.

(குளிரில டெஃப் உறையும், டீசல் கட்டியாகும் எண்டு இங்க எங்களுக்கு இருக்கிற தலையிடி டெக்சாஸில உங்களுக்குப் பெரிசா இல்லை. அதை விடுவம்.)

மதுரைக்காரன் (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

அண்ணே, போய்ப் பார்த்துட்டு வந்தேன். டீசல் 250ல 2,420. பெட்ரோல் 250ல 3,180. அதே டிரிம், பக்கத்துப் பக்கத்துல நின்ன வண்டிங்க. நான் கதவைத் திறந்து ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுக்கிறதைப் பார்த்து சேல்ஸ்மேன் "அது சும்மா சட்டத்துக்காக ஒட்டுறது சார்"னார்.

லாரி_அண்ணை (டொரோண்டோ)

சட்டத்துக்காக எண்டால் சும்மாவோ? சரி, எழுதுங்கோ.

கேம்பர் 12,000க்கு வருமெண்டு வைப்பம், 22 வீதம் போட்டால் பின் வெயிட் 2,640. மாட்டுற கொக்கி (ஹிட்ச்) 150. ஆட்கள்: பெரியாட்கள் நாலு பேர், பிள்ளைகள் ரெண்டு பேர், 720 எண்டு போடுறன். ட்ரக்கின்ர பின்தொட்டியில ஐஸ் பெட்டி, டூல்ஸ், விறகு 150. மொத்தம் 3,660.

டீசல் 250க்கு 1,240 பவுண்டு கூட. கொக்கியில மாட்டி, அம்மா அப்பாவை ஏத்தமுதலே முடிஞ்சுது. பெட்ரோல் 250க்கும் 480 கூட. உங்கட கேள்வி பெட்ரோலோ டீசலோ எண்டதில்லை, 250ஓ, அதைவிடக் கூடச் சுமக்கிற எஃப்-350ஓ எண்டதுதான். 250இல இருந்து 350க்கு ஏறுற காசு, டீசலுக்குக் குடுக்கிற காசில சின்னப் பங்கு. பின்னால ஒத்த டயர் உள்ள 350 பெட்ரோல் வண்டியைப் போய்ப் பாருங்கோ.

மைல்_ஹை_தமிழன் (டென்வர்)

அண்ணன் கணக்கு சரி. ஆனா அதுக்காக டீசலைக் கைவிடணும்னு இல்லையே, டீசல் 350 இருக்கே. பின்னாடி நாலு டயர் உள்ள டூயலி எடுத்தா பாரத்தைப் பத்திக் கவலையே இல்ல.

டீச்சரம்மா (ஃபீனிக்ஸ்)

டூயலியில ஸ்கூல் டிராப் லைன்ல நின்னு பாருங்க, அப்புறம் பேசலாம். காஸ்ட்கோ பார்க்கிங்ல ரெண்டு இடம் வேணும். ஒத்த டயர் டீசல் 350ல இந்தக் குடும்பத்தோட பாரத்துக்கு இழுபறியாத்தான் இருக்கும், ஸ்டிக்கரைப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க.

தம்பி, பெட்ரோல்னு முடிவு பண்ணினா பின் ஆக்சில் 4.30 ரேஷியோ உள்ளதா கேளுங்க. மைலேஜ் கொஞ்சம் குறையும், ஆனா ஏற்றத்துல கியருக்கு அலையாது. இறக்கத்துல டோ/ஹால் மோடை (பாரம் இழுக்கிறப்ப கியரை அதுக்கேத்த மாதிரி மாத்துறது) போட்டு, உச்சியிலயே வேகத்தைக் குறைச்சுட்டு இறங்குங்க. 10 கியர் இருக்கு, எஞ்சின் கத்தும், கத்தட்டும். எக்ஸாஸ்ட் பிரேக் அளவுக்குப் பிடிக்காதுதான், ஆனா கேம்பருக்கும் சொந்த பிரேக் இருக்கு, கன்ட்ரோலரைச் சரியா செட் பண்ணிட்டா போதும். ஷார்ட் பெட்னா ஸ்லைடர் ஹிட்ச் (திருப்பறப்ப பின்னால நகர்ற கொக்கி) பத்தியும் விசாரிங்க. இறுக்கமா திருப்பறப்ப கேம்பர் மூக்கு வந்து கேபின் கண்ணாடியில முட்டும். நீளமான எட்டடி பெட் எடுத்தா அந்தத் தொல்லை இல்ல, டேங்க்கும் 48 கேலனா பெருசாயிடும். வீட்டு டிரைவ்வேல நிக்குமான்னு மட்டும் அளந்துக்கங்க.

மதுரைக்காரன் (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

வேற டீலர்கிட்ட 350 பெட்ரோல், 7.3, 4.30 ஆக்சில், எட்டடி பெட் கிடைச்சுது. ஸ்டிக்கர் 4,130. அண்ணன் கணக்குப்படி 470 பவுண்டு மிச்சம் இருக்கு. மைல் ஹை ப்ரோ கோவிச்சுக்காதீங்க, வருஷத்துல ஒரு தடவை ஏறுற மலைக்காக தினமும் அஞ்சு மைல் ஓட்டத்துல டீசலைக் கொல்ல வேணாம்னு தோணுது. டிரைவ்வே அளந்தாச்சு, முக்கால் அடி மிச்சம்.

ரெண்டு சந்தேகம். லைசன்ஸ் மாத்தணுமா? நிஜமான பின் வெயிட் எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மைல்_ஹை_தமிழன் (டென்வர்)

கோவம்லாம் இல்ல ப்ரோ. ஐ-70ல வலது லேன்ல போற உங்களைத் தாண்டறப்ப கை காட்டுறேன் :)

கணக்கப்பிள்ளை (நியூ ஜெர்சி)

லைசன்ஸ்: ட்ரக்கின் மொத்த எடை வரம்பையும் கேம்பரின் மொத்த எடை வரம்பையும் கூட்டிப் பாருங்கள். டெக்சாஸில் 26,000 பவுண்டு வரை சாதாரண கிளாஸ் சி போதும். உங்களுக்கு அந்த வரம்புக்குள்தான் வரும், ஆனாலும் இரண்டு ஸ்டிக்கரையும் வைத்து ஒரு முறை கூட்டிவிடுங்கள்.

லாரி_அண்ணை (டொரோண்டோ)

பின் வெயிட்டுக்கு ட்ரக் ஸ்டாப்பில இருக்கிற கேட் (CAT) ஸ்கேல் எண்ட எடை மேடைக்குப் போங்கோ. பயணம் போற மாதிரியே எல்லாம் ஏத்தி, ஆட்களும் உள்ள இருக்க, கேம்பரோட ஏறி நில்லுங்கோ. முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் எண்டு மூண்டு இலக்கம் வரும். பிறகு கேம்பரைக் கழட்டி வைச்சுப்போட்டு, ட்ரக்கை மட்டும் அதே ஆட்களோட ஏத்துங்கோ. ட்ரக்கின்ர ரெண்டு ஆக்சிலையும் கூட்டி, முதல் தரத்தில இருந்து ரெண்டாம் தரத்தைக் கழிச்சால் வாறதுதான் உங்கட பின் வெயிட். பின் ஆக்சிலின்ர வரம்பும் அதே கதவுத் தூணில இருக்கும், அதையும் ஒருக்கா ஒப்பிட்டுப் பாருங்கோ.

இன்னொண்டு. 10,000 பவுண்டுக்கு மேல வரம்பு உள்ள வண்டிகள் சிலதில அந்த ஆட்கள்-சாமான் வசனம் இருக்காது. அப்பிடியெண்டால் முழு டேங்க் எண்ணெயோட வெறும் வண்டியை ஸ்கேலில ஏத்தி, மொத்த வரம்பில இருந்து கழிக்கவேணும். டயருக்குக் காத்து காலமை வெளிக்கிட முதல், சூடாகாமல் இருக்கேக்க பாருங்கோ. கேம்பர் டயரையும்தான், அதைத்தான் எல்லாரும் மறக்கிறவை.