புதுப்பிப்பு: கொழும்பில் வெசாக் அன்று வகுப்பு வைத்தேனா?

மதுரையிலிருந்து தன்னார்வலராக வந்து வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், பௌர்ணமியில் வரும் புத்தர் திருநாளான வெசாக் அன்று வகுப்பு வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைக்கவில்லை. இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, அரசு விடுமுறை. மதுக்கடை, இறைச்சிக்கடை எல்லாம் மூடிவிடுவார்கள்.

அன்று மாணவி ஒருத்தியின் அம்மா என்னைத் தன்சலுக்கு அழைத்துப்போனார். வெசாக்கை ஒட்டிச் சாலையோரம் சோறு, குளிர்பானம், ஐஸ்கிரீம் என்று இலவசமாகக் கொடுப்பதுதான் தன்சல். நம் ஊர் அன்னதானம் போலத்தான். ஆனால் வருகிற வண்டிகளையே கை காட்டி நிறுத்திச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்! யார், என்ன மதம் என்ற கேள்வியே இல்லை. ஒரு சிங்களத் தம்பி இரண்டு கைகளாலும் தட்டை நீட்டினார். அந்த மரியாதை என்னை அப்படியே நெகிழவைத்துவிட்டது.

சரி, அடுத்தது இங்கே நடக்கும் முருகன் தேர்த் திருவிழாவான ஆடிவேல். செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டிக்கு வரும் நாள் தெரிந்தால் சொல்லுங்கள், அன்றும் விடுமுறை விட்டுவிடுகிறேன்.