டிரில் போடாம குழந்தைக்கு சொத்தைப் பல் சரி பண்ண முடியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
வணக்கம்ங்க. பொண்ணுக்கு ஆறு வயசு. கீழ் கடவாப்பல் ரெண்டுல சொத்தை, ஒண்ணுல நல்லா குழி விழுந்து சோறு போய் சிக்கிக்குது. பாலக்காட்டுல ஒரு கிளினிக் கூட்டிட்டுப் போனோம், மெஷின் சத்தம் கேட்டதுமே சேர்ல இருந்து குதிச்சு வாசலுக்கு ஓடிட்டா, அப்புறம் எவ்வளவு கெஞ்சியும் வாயே திறக்கல. பொள்ளாச்சி நாத்தனார் சொல்றாங்க, பப்பாளில செஞ்ச ஜெல் ஒண்ணு இருக்காம், வச்சா சொத்தை இளகி வந்துருமாம். நெசமாங்களா, இல்ல வாட்ஸப் கதையா? மாமியார் வேற, விழப்போற பால்பல்லுக்கு எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்ங்கறாங்க.

சித்தூர் பல் டாக்டர்:
கதை இல்லீங்க, ஜெல் இருக்கு. பப்பாளிப் பால்ல இருக்கிற பப்பாயின்தான் சரக்கு. 2003ல பிரேசில்ல பப்பாகேரினு வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஸ்வீடன்ல காரிசால்வ்னு வேற மாதிரி ஒரு ஜெல். இப்ப நம்ம நாட்டுலயே கேரி கேர்னு கிடைக்குது. குழில ஜெல்லை வச்சு ஒரு நிமிஷம் போல விட்டா, கெட்டுப்போன பாகம் மட்டும் கொழகொழன்னு ஆகும், சின்ன ஸ்பூன் மாதிரி இருக்கிற கருவியால மெதுவா வழிச்சு எடுத்துருவோம். ஜெல் கலங்காம தெளிவா நிக்கற வரைக்கும் மறுபடி மறுபடி. நல்ல பல்லை அது அவ்வளவா தொடாது, அதனால பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. அப்புறம் ஜிஐசிங்கற பல் சிமென்ட் வச்சு அடைப்போம்.

ஆனா குழி வாய் திறந்து இருக்கணும். மேல எனாமல் மூடி உள்ள மட்டும் சொத்தைன்னா வழியைத் திறக்க கொஞ்சமாவது டிரில் வேணும். ராத்திரி வலிச்சு எழுந்திரிக்கறா, ஈறு வீங்குதுன்னா சொத்தை நரம்பு வரைக்கும் போயிருச்சுனு அர்த்தம், அங்க ஜெல்லுக்கு வேலையே இல்ல. எக்ஸ்ரே எடுக்காம யாரும் ஜெல் வைக்க வேண்டாம். மாமியார்கிட்ட சொல்லுங்க, கடவா பால்பல் விழ 10, 11 வயசு ஆகும், அதுவரைக்கும் பின்னாடி வர்ற பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கறதே அதுதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
ரொம்ப நன்றிங்க டாக்டர். எங்க கொல்லையிலயே பப்பாளி மரம் நிக்குது, காயைக் கீறி ரெண்டு சொட்டு பஞ்சுல தொட்டு வச்சா ஆகாதுங்களா?

உடுமலை தோட்டக்காரன்:
அய்யோ சாமி வேண்டாம்ங்க!! நாங்க பால் எடுக்கறதுக்குன்னே கோ-5 ரகப் பப்பாளி வச்சிருக்கோம், விடியக்காலைல பச்சைக்காய்ல கீறல் போட்டு அடியில பிடிக்கணும், கைல பட்டா எரிஞ்சு தோல் பொத்துப் போயிரும். அதை குழந்தை வாயிலயா. ஃபேக்டரில சுத்தம் பண்ணி அளவு பார்த்துதான் மருந்தாகுது.

சித்தூர் பல் டாக்டர்:
அவர் சொன்னதுதான். இன்னொண்ணு, பலூன் ஊதினா உதடு தடிக்குமா, பப்பாளி தின்னா அரிக்குமானு பாத்து டாக்டர்கிட்ட சொல்லிருங்க, ரப்பர் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு பப்பாயினும் சேராம போகலாம்.

வாளையார் அம்மா:
பையனுக்கு ஜெல்தான் வச்சாங்க. வலி இல்ல, ஆனா நேரம் ஜாஸ்தி, பாதிலயே சலிச்சுப்போய் நெளிய ஆரம்பிச்சுட்டான். இன்னொரு பல்லுக்கு சில்வர் மருந்து, அது துடைச்சு தடவுனதோட முடிஞ்சுது. ஆனா தடவின இடம் கரேர்னு ஆயிரும், முன்பல்னா யோசிங்க. உள்ள இருக்கிற பல்லுக்கு யாரு பாக்கப்போறா, நான் அதுக்கே ஓட்டு.

சித்தூர் பல் டாக்டர்:
அது 38% சில்வர் டயமின் ஃப்ளூரைடு, 2021ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. சொத்தையை எடுக்காது, பரவாம நிறுத்தி கெட்டியாக்கும், ஆறு மாசத்துக்கு ஒருதடவை திரும்பத் தடவ வேண்டியிருக்கும். சோறு சிக்கற குழி அடையாதே, அதுக்கு மேல சிமென்ட் வைக்கணும். இல்லன்னா ஸ்காட்லாந்துல ஆரம்பிச்ச ஹால் முறை, பல்லைத் துளைக்காம, சொத்தையையும் எடுக்காம அப்படியே மேல ஸ்டீல் கேப் மாட்டி ஒட்டிருவாங்க, நரம்பு நல்லா இருந்தாத்தான். முன்னாடியே ஃபோன்ல, பீடோ டாக்டர், அதான் குழந்தைங்க பல் டாக்டர், என்னிக்கு வருவாரு, ஜெல், சில்வர், ஹால் கேப் இதுல எது அங்க பண்றாங்கன்னு கேட்டுட்டுப் போங்க. திருச்சூர் கவர்மென்ட் டென்டல் காலேஜ்லயும் கேட்டுப் பாக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரே மட்டும் எடுத்துட்டு வந்துருங்க, வேற எதையும் வாய்க்குள்ள விடச் சொல்லாதீங்க.