ஐகூ நியோ 10 ஆ, போக்கோ எஃப்7 ஆ? கையில வச்சு ஆடுன குமரிக்காரங்க சொல்லுங்க

மார்த்தாண்டம் ஸ்குவாட்:

மக்களே, கேமிங்குக்குன்னே ஒரு போன் எடுக்கணும். பிஜிஎம்ஐ (பப்ஜிக்க இந்திய பதிப்பு) தான் முக்கியம், ராத்திரி எங்க ஸ்குவாட்டோட ஸ்க்ரிம்ஸ், அதாவது டீமுக்கு டீம் பயிற்சி மேட்ச், ஆடுவேன், இடைக்கு கால் ஆஃப் டூட்டியும் உண்டு. தேடித் தேடி கடைசில ரெண்டுல வந்து நிக்குது, ஐகூ நியோ 10, போக்கோ எஃப்7. ரெண்டும் 2025ல வந்தது, ஒண்ணு மே மாசம், மத்தது ஜூன். ரெண்டுக்குள்ளயும் ஒரே சிப்பு, ஸ்னாப்டிராகன் 8எஸ் ஜென் 4. அதனால அன்டுட்டு ஸ்கோர், அதாவது போன் வேகத்துக்கு ஆப்பு போடுற மார்க்கு, பாத்து முடிவு பண்ற வழியே இல்ல, ஆனா யூடியூப்ல பாதி பேரு அரமணிக்கூர் அதத்தான் காட்டுறான்.

நான் ரெண்டயும் கையில வச்சு ஆடிப் பாத்துட்டு தான் கேக்கேன். எங்க சித்தி மவன் எஃப்7 வச்சிருக்கான், டீம்ல கருங்கல்காரன் ஒருத்தன் நியோ 10. ரெண்டு பேரயும் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வரச் சொல்லி, மாடில ஷீட் போட்ட ரூம்ல, ஃபேன் மட்டும் ஓடிட்டு இருக்க, ஒரே வைஃபைல, ஒரே மேப்பு, ஒரே செட்டிங்ல மாத்தி மாத்தி ஆடுனோம். ஏசி ரூம்ல உக்காந்து டெஸ்ட் பண்ணிக் காட்டுறது நமக்கு ஒதவாது, நம்ம ஊரு புழுக்கத்துல தான எனக்க போன் கெடக்கப் போவுது.

முதல்ல தோணுனது சூடு கையில தெரியுற விதம். எஃப்7க்கு பின்பக்கம் கண்ணாடி, சைடு அலுமினியம், அதனால சூடு சீக்கிரமே விரலுக்கு வந்துரும். நியோ 10 பிளாஸ்டிக் பாடி, சூடு மெதுவா தான் வெளிய வரும். இத வச்சு எஃப்7 தான் அதிகம் சூடாவுதுன்னு சொல்லிர முடியாது, கைக்குத் தெரியுறது வேற, உள்ள சிப்பு எவ்வளவு காயுதுங்கறது வேற. கேம் ஓடுன விதத்துல ரெண்டுக்கும் நான் பெரிய வித்தியாசம் பாக்கல. கனம் தான் தெரிஞ்சுது. எஃப்7 222 கிராம், நியோ 10 206 கிராம். 16 கிராம்ல என்ன இருக்குன்னு தோணும், ஆனா நாலு விரலும் ஸ்க்ரீன்ல வச்சு, கிளான்னு சொல்ற புடி புடிச்சு, மேட்ச் மேல மேட்ச் ஆடுனா மணிக்கட்டு சொல்லும். அதே சமயம் எஃப்7 ஸ்க்ரீன் 6.83 இஞ்ச், நியோ 10 6.78, அந்த இத்துனூண்டு கூடுதல் எடம் ஸ்கோப் பட்டனுக்கு கொள்ளாம்.

அறிமுக விலைய பாத்தா எஃப்7 12 ஜிபி ரேம் 256 ஜிபி 31,999 ரூபா, அதே 31,999க்கு நியோ 10ல கிட்டுனது 8 ஜிபி 128 ஜிபி. 12க்கு 256 வேணும்னா 35,999. இங்க தான் மாட்டிக்கிட்டு நிக்கேன். வச்சிருக்கவங்க, வித்தவங்க, சர்வீஸுக்கு அலஞ்சவங்க எல்லாரும் சொல்லுங்க.

குளச்சல் கடக்கர:

மக்கா, நான் எஃப்7 தான் வச்சிருக்கேன், காரணம் கேம் இல்ல, கடல். அப்பாவோட தொழிலுக்குப் போவேன். இதுக்கு முன்ன வச்சிருந்த போன் (பேரு வேண்டாம்) உப்புக் காத்து பட்டுப் பட்டு சார்ஜிங் ஓட்டை பச்சை புடிச்சு செத்துச்சு. தண்ணி, தூசி தாங்குறதுக்கு குடுக்குற ஐபி ரேட்டிங்ல எஃப்7க்கு ஐபி66, ஐபி68, ஐபி69 மூணும் உண்டு, நியோ 10க்கு ஐபி65, அதாவது தூசிக்கும் தண்ணி பீச்சி அடிக்கிறதுக்கும் தாங்கும், முக்கி எடுக்கக் கூடாது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ, இந்த ஐபி டெஸ்ட் எல்லாம் நல்ல தண்ணில பண்றது, கடல் தண்ணில இல்ல. உப்புத் தண்ணி பட்டா நல்ல தண்ணில நனச்ச துணிய வச்சு தொடச்சு, ஓட்டை முழுசா காஞ்சப்பொறவு தான் சார்ஜ் போடணும், ஈரத்தோட போட்டா எந்தப் போனும் போயிரும். தண்ணி கேறுனதுக்கு வாரண்டியும் பொதுவா கிட்டாது.

இன்னொண்ணு, 7,550 எம்ஏஎச் பேட்டரி, அதுலேருந்து 22.5 வாட்ல மத்த போனுக்கும் கரண்டு குடுக்கலாம். வள்ளத்துல அப்பாக்க போனுக்கு நான் அதுலேருந்து தான் ஏத்துறேன். கரைல இருந்து ஆடுறவனுக்கு இது தேவையான்னு நீயே பாத்துக்கோ.

கோட்டார் ஐஜிஎல்:

தம்பி, நான் லோக்கல் டோர்னமெண்ட் எல்லாம் ஆடுறவன், நியோ 10 கையில இருக்கு. ஸ்க்ரீன் செகண்டுக்கு எத்தன தடவ புதுசாவுதுங்கறதுல நியோ 10 144 ஹெர்ட்ஸ், எஃப்7 120 ஹெர்ட்ஸ்னு பாத்து மயங்காத. கணக்கு போட்டுப் பாரு. 60 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 60 ஃப்ரேம்) ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்டு, 90ல 11.1, 120ல 8.3, 144ல 6.9. 60லேருந்து 90க்குப் போனா அஞ்சரை மில்லிசெகண்டுக்கு மேல லாபம், அது கண்ணுக்கே தெரியும், ஜைரோ வச்சு (போன சாச்சு குறி பாத்து) தொடர்ந்து சுடும்போ கைக்கும் தெரியும். 120லேருந்து 144க்குப் போனா ஒண்ணரை மில்லிசெகண்டு கூட இல்ல. அதுவும் கேமு 144 குடுத்தா தான், பிஜிஎம்ஐல அல்ட்ரா எக்ஸ்ட்ரீம்னு இருக்க ஃப்ரேம் செட்டிங்கே 120 தான. அதனால 144ன்னு எழுதியிருக்கேன்னு அதுக்காக நாலாயிரம் கூடக் குடுக்காத.

நான் நியோ 10 எடுத்தது பைபாஸ் சார்ஜிங்குக்காக. கேம் ஆடும்போ சார்ஜர் குத்தி வச்சா கரண்டு பேட்டரிக்குள்ள போவாம நேரா போர்டுக்கு போவும். சாதாரணமா சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடுனா பேட்டரி ஏறுற சூடு ஒரு பக்கம், சிப்பு காயுற சூடு இன்னொரு பக்கம், ரெண்டும் சேந்து போன் தானாவே வேகத்தக் கொறச்சுரும், ஸ்க்ரீன் வெளிச்சமும் மங்கும், சரியா மேட்ச் முடியுற கடைசி சோன்ல வந்து ஃப்ரேம் கொறஞ்சு திக்கும். ராத்திரி முழுக்க ஸ்க்ரிம்ஸ் ஆடுறவனுக்கு இத விட பெரிய விஷயம் வேற இல்ல, பேட்டரிக்க ஆயுசும் நிக்கும்.

அப்பறம் கூலர். பின்னால ஒட்டுற, கரண்டுல பிளேட்ட குளுர வைக்குற பெல்டியர் கூலர் வாங்கணும்னு எல்லாவனும் சொல்வான். நம்ம ஊருல காத்துல எப்பவும் ஈரம், அந்த பிளேட்டு ரொம்ப குளுந்தா அதுல தண்ணி கோத்துக்கும், சோடா பாட்டில் வெளிய வியர்க்குற மாதிரி. அந்தத் தண்ணி வடிஞ்சு சார்ஜிங் ஓட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் போவும். மழக்காலத்துல கூலர ஃபுல்லுல வைக்காதீங்க, கொறச்சு வச்சு இடைக்கு இடைக்கு துணியால தொடைங்க. சாதாரண ஃபேன் கூலர்னா இந்தப் பிரச்சன கெடயாது.

குலசேகரம் அக்கா:

தம்பி நான் கேம் ஆடுறவ இல்ல, எனக்க தம்பிக்கு வாங்கிக் குடுத்தவ, அவன் காலேஜுல படிக்கான், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தான் உசுரு. எங்க பக்கம் ரப்பர் தோட்டம், காத்து மழைன்னா மரம் ஒடிஞ்சு லைன்ல விழும், கரண்டு போனா எப்பம் வரும்னு சொல்ல முடியாது. ஜூன்லயும் மழ, ஐப்பசிலயும் மழ, ரெண்டு பக்கத்து மழையும் நமக்கு உண்டுல்லா. அதனால பேட்டரி பெருசா பாத்து எஃப்7 எடுத்தோம். அவன் கேமும் ஆடி, மறுநாள் காலேஜுக்கும் அதே சார்ஜுல போறான், எனக்கு அதுவே நிம்மதி. நியோ 10ல இருக்க 7,000 எம்ஏஎச்சும் கொறவில்ல, அதுக்கு 120 வாட் சார்ஜர், இதுக்கு 90. கரண்டு கொஞ்ச நேரம் வந்துட்டுப் போற எடத்துல இருக்கவங்களுக்கு அந்த 120 வாட் தான் நல்லதுன்னு எங்க வீட்டுக்காரர் இப்பவும் சொல்லுவாரு. அவரு சொல்றதும் நியாயம் தான்.

களியக்காவிளை பார்டர்:

இங்க யாருமே பேசாத ஒண்ணு சொல்றேன். எங்க வீடு இருக்கது பார்டர்ல. ஹால்ல இருந்தா தமிழ்நாடு டவர், மாடிக்குப் போனா கேரள டவர் புடிக்கும். ரெண்டும் வேற வேற டெலிகாம் சர்க்கிள். மேட்ச் நடுவுல போன் டவர் மாறிச்சுன்னா பிங், அதாவது சர்வருக்கு போய் வர நேரம், ஒரேயடியா ஏறும், சுட்டது நான், செத்ததும் நான். எவ்வளவு வெலைக்கு போன் வாங்குனாலும் இது மாறாது. கேபிள்காரங்க குடுக்க ஃபைபர் கனெக்சன் எடுத்து ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல போட்டப்பொறவு தான் எனக்கு கேம் நேரா ஓடுச்சு. 2.4ல பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் ஒரே சேனல்ல வந்து இடிச்சுக்கும். ஆனா 5க்கு செவுரு தாண்டுற சக்தி கொறவு, அதனால ரவுட்டர் இருக்க ரூம்ல இருந்து ஆடணும். போனுக்கு நாலாயிரம் கூடக் குடுக்கறதுக்கு முன்ன உனக்க வீட்டு நெட்ட சரி பாரு லே.

நாகர்கோவில் மொபைல் கடை:

நான் செட்டிகுளம் பக்கம் ஒரு கடைல நிக்கேன், ரெண்டு பிராண்டும் கையில வரும், எதையும் தள்ளி விடணும்னு எனக்கு இல்ல. மூணு நாலு காரியம் சொல்லுறேன்.

நியோ 10 எடுக்கறதா இருந்தா 128 ஜிபி எடுக்காத தம்பி. அதுல ஸ்டோரேஜ் யூஎஃப்எஸ் 3.1ங்கற பழைய, வேகம் கொறஞ்ச வகை, 256லேருந்து மேல யூஎஃப்எஸ் 4.1. மேப்பு லோட் ஆவுறதுலயும் பெரிய அப்டேட் இன்ஸ்டால் ஆவுறதுலயும் அந்த வித்தியாசம் இருக்கும். மெமரி கார்டு போட ரெண்டுலயும் எடம் கெடயாது, இயர்போன் ஓட்டையும் கெடயாது, டைப்-சி இயர்போனோ புளூடூத்தோ தான், புளூடூத்துல காலடிச் சத்தம் லேட்டா வரும்னு உனக்கே தெரியும்.

ரொம்ப நாள் வச்சிருக்க நெனச்சா அப்டேட்டயும் பாரு. எஃப்7க்கு நாலு ஆண்ட்ராய்டு அப்டேட்டும் 6 வருஷம் செக்யூரிட்டியும், நியோ 10க்கு மூணு ஆண்ட்ராய்டும் 4 வருஷம் செக்யூரிட்டியும்னு கம்பெனி சொல்லியிருக்கு. கேமராக்கு சண்ட போடவே வேண்டாம், ரெண்டுலயும் பின்னால மெயின் கேமரா ஒரே சோனி ஐஎம்எக்ஸ்882 தான், செல்ஃபி மட்டும் நியோ 10ல 32 எம்பி, எஃப்7ல 20.

சர்வீஸுன்னா ஐகூக்கு விவோ சென்டர், போக்கோக்கு ஷவோமி சென்டர். எடுக்கறதுக்கு முன்ன அங்க போய் டிஸ்ப்ளே மாத்த எவ்வளவு, பார்ட்டு எத்தன நாள்ல வரும்னு ரெண்டு கேள்வி கேளு. கேமிங் போன் கைலேருந்து வழுக்கி விழாம ஒரு வருஷம் ஓடுறது அபூர்வம், டிஸ்ப்ளே செலவு தான் நாளைக்கு உனக்க தலைல வரும்.

துபாய் தக்கலைக்காரன்:

அந்த அண்ணன் சொன்னது கூட இதயும் சேத்துக்கோங்க. ஊருக்கு வரும்போ போன் கொண்டு வாங்கன்னு எல்லா வீட்டுலயும் கேப்பாங்க, நம்ம மாவட்டத்துல கல்ஃப்ல ஆளு இல்லாத வீடு கொறவு. எஃப்7 மட்டும் இங்கேருந்து கேக்காதீங்க. வெளிநாட்டுல விக்கிறது குளோபல் மாடல், அதுல பேட்டரி 6,500 எம்ஏஎச் தான், இந்தியால விக்கிறதுல தான் 7,550. பேரு ஒண்ணு, டப்பாவும் ஒண்ணு மாதிரி இருக்கும். எனக்க மச்சான் கேட்டான், நான் வாங்காம ரூபாய அனுப்பிட்டேன், நீ ஊருல எடுத்துக்கோன்னு. வாரண்டியும் வாங்குன நாட்டுல தான் செல்லும்னு பல பிராண்டுக்கு இருக்கு, அதயும் நெனச்சுக்கோங்க.

மார்த்தாண்டம் ஸ்குவாட்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, உண்மையா சொல்றேன், எந்த வீடியோலயும் இது கிட்டல. நேத்து சித்தி மவனோடயும் இருந்து பேசுனேன். அவன் தேங்காய்ப்பட்டணத்துல வேல பாக்கான், ஹார்பர்ல நிக்கவன், மழயும் உப்பும் அவனுக்கு தெனம் உண்டு, அவனுக்கு எஃப்7 தான் பொருத்தம், நான் மாத்திக்கலாமான்னு கேட்டதுக்கு குடுக்க மாட்டேன்னுட்டான்.

எனக்கு நியோ 10, 12 ஜிபி 256 ஜிபி. காரணம் கோட்டார் அண்ணன் சொன்ன பைபாஸ் தான். நான் ஆடுறது பூரா ராத்திரி, வீட்டுல, சார்ஜர் பக்கத்துல. 7,550 பேட்டரி எனக்கு மிச்சமாத்தான் கெடக்கும், பேட்டரி காயாம இருக்கது தான் எனக்கு வேணும். மணிக்கட்டுக்கு அந்த 16 கிராமும் கொறயும். 128 ஜிபி எடுத்து காச மிச்சம் புடிக்கலாம்னு வீட்டுல சொன்னாங்க, கடை அண்ணன் எழுதுனத அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன், சிட்டி (சீட்டு) விழுந்த காசுல கூட நாலாயிரம் தாறேன்னு சொல்லியாச்சு. களியக்காவிளை அண்ணே, நீங்க சொன்ன மாதிரி ரவுட்டர மாடிக்கு மாத்தச் சொல்லி கேபிள்காரர்கிட்ட பேசிட்டேன், அதுக்குப் பொறவு தான் போனு.

நாகர்கோவில் மொபைல் கடை:

கொள்ளாம் தம்பி. எங்க எடுத்தாலும் சரி, கடைலயே டப்பாவ ஒடைக்கச் சொல்லு. *#06# அடிச்சா வர ஐஎம்இஐ நம்பரும் (போனுக்க அடையாள நம்பர்) டப்பால இருக்கதும் பில்லுல எழுதுனதும் ஒண்ணா இருக்கணும். அங்க வச்சே வெள்ளை ஸ்க்ரீன் போட்டு புள்ளி ஏதாச்சும் இருக்கான்னு பாரு, ரெண்டு ஸ்பீக்கரும் பாடுதான்னு பாரு. கேம் டவுன்லோட் ஆவ நேரம் எடுக்கும், அத வீட்டுல போய் போட்டு கிராபிக்ஸ் செட்டிங்ல 120 தெறந்திருக்கான்னு பாத்துக்கோ. ஸ்க்ரீன் கார்டு தடியானத ஒட்டாத, டச் மந்தமாவும், கேமிங்குக்கு மெல்லிசா கேட்டு வாங்கு.