மட்ரிட்டை அண்டிய பழைய நகரங்கள்: இரண்டு நாளில் எவற்றைப் பார்ப்பது?

கேள்வி (உப்புவெளி):
மகளின் பட்டமளிப்புக்காக மட்ரிட் செல்லும் எனக்கும் மனைவிக்கும் இரண்டு நாட்கள் ஓய்வாகக் கிடைக்கின்றன. தொலேதோ, செகோவியா, எல் எஸ்கோரியல், அரன்ஹுவேஸ் ஆகியவற்றுள் எவற்றைத் தெரிவு செய்யலாம்? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.

பதில் (திருகோணமலை நகர்):
ஐயா, ஒரு நாளைத் தொலேதோவுக்கு ஒதுக்குங்கள். தாகோ ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் குன்றின் மீது பேராலயமும் பழைய யூத வழிபாட்டிடங்களும் சிறு பள்ளிவாசலும் அருகருகே நிற்கும் காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அதிவேகப் புகையிரதத்தில் அரை மணித்தியாலப் பயணந்தான். ஆனால் தெருக்கள் ஏற்றமானவை. நிலையத்திலிருந்து மேலே பேருந்தில் செல்லுங்கள்.

பதில் (நிலாவெளி):
நான் எல் எஸ்கோரியலையே வலியுறுத்துவேன். ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப் 1563 முதல் 1584 வரை கட்டுவித்த அந்தக் கருங்கல் மாளிகை, மடாலயமாகவும் அரச கல்லறையாகவும் விளங்குகிறது. அதன் நிலவறையில் துயில்பவர்களுள் நான்காம் பிலிப்பும் ஒருவர். 1622இல் போர்த்துக்கேயர் நமது கோணேசர் கோயிலை இடித்தபோது போர்த்துக்கல்லுக்கும் அவரே அரசர். கோணமலையில் வளர்ந்த எனக்கு அவ்விடத்தில் நெஞ்சு கனத்தது. திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை மறவாதீர்கள்.

பதில் (கிண்ணியா):
செகோவியாவில் சாந்தின்றி அடுக்கப்பட்ட ரோமானிய நீர்ப்பாலம் அற்புதமானது. எனினும் முழங்கால் வலியென்றால் அரன்ஹுவேஸ் சமதரை. அரண்மனைத் தோட்டங்களில் அம்மா ஆறுதலாக நடக்கலாம்.