கிஷி தீவின் மரத் தேவாலயம்: இன்னும் அதே 1714 கட்டடமா?

ஊர்சுற்றி:
ரஷ்யாவின் ஒனேகா ஏரியில், கிஷி தீவில் இருக்கும் மறுரூபத் தேவாலயத்தை 1714இல் கட்டியது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். 22 குவிமாடங்கள், 37 மீட்டர் உயரம், முழுக்க மரம். ஆனால் அண்மைப் பழுதுபார்ப்பில் கீழ் அடுக்கிலிருந்து தொடங்கி, இற்றுப்போன மரங்களை எல்லாம் மாற்றிவிட்டார்கள். புது மரம் வைத்ததை எப்படிப் பழைய கட்டடம் என்பது? 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது வேறு, இப்போது நிற்பது வேறு.

உளிச்சத்தம்:
எல்லா மரத்தையும் மாற்றவில்லை. மேல் பகுதியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வோர் அடுக்காகக் கழற்றி, கட்டை கட்டையாகப் பார்த்தார்கள். நல்லது அப்படியே திரும்ப ஏறியது. ஓரம் மட்டும் உளுத்திருந்தால் அந்த ஓரத்தை வெட்டி ஒட்டுப் போட்டார்கள். கட்டைகளின் முனையைக் குடைந்து ஒன்றையொன்று கவ்வ வைக்கும் பழைய முறையும் மாறவில்லை. மரக் கட்டடம் காலங்காலமாகப் பிழைத்திருப்பதே இப்படித்தான்.

ஊர்சுற்றி:
"ஆணியே இல்லாத கோயில்" என்பதையும் இதே போலத்தான் பரப்புகிறார்கள். குவிமாடத்தின் ஆஸ்பென் மர ஓடுகளை ஆணி அடித்துத்தானே பொருத்தியிருக்கிறது?

உளிச்சத்தம்:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆணி இல்லாதது சுவர்க் கட்டைகளின் இணைப்பில்தான். ஆனால் நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. 19ஆம் நூற்றாண்டில் சுவர் முழுக்கப் பலகை போர்த்தினார்கள். 1950களில், பழைய தோற்றம் வேண்டும் என்று அதைப் பிரித்துவிட்டார்கள். மழையும் பனியும் நேரே கட்டைகளில் இறங்கின. 1980களில் உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டிய நிலை வந்தது. அப்போது பலிபீடத் திரையின் (பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும் தடுப்பின்) புனிதப் படங்களையும் கழற்றி வைத்தார்கள்.

பனிப்படகு:
பலகையைப் பிரித்ததை மட்டும் குறை சொல்லாதீர்கள். பலகைக்கு அடியிலும் ஈரம் தங்கும். இது வேறு குளிர்காலத்தில் சூடேற்றாத கோடைத் தேவாலயம். பக்கத்தில் இருக்கும் 9 குவிமாடத் தேவாலயம்தான் குளிர்காலத்துக்கு.

ஊர்சுற்றி:
சரி, ஒட்டுப் போட்டதை ஏற்கிறேன். அப்புறம் ஒன்று கேட்கிறேன். எந்தக் கட்டை பழையது, எது புதியது என்று வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டாமா?

உளிச்சத்தம்:
கட்டாயம் காட்ட வேண்டும். அதில் நானும் உங்கள் பக்கம்தான்.