‘ஏன்ஷியன்ட் வீட்’டுக்குத் தமிழ்: உமிக்கோதுமை என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஏன்ஷியன்ட் வீட்’ எனப்படும் பழங்காலக் கோதுமை வகைகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று, வீட்டுத்தோட்டக் கையேட்டுக்காக அந்தியூர் அண்ணன் தொடங்கிய இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தொல்கோதுமை, பாரம்பரியக் கோதுமை, சம்பா கோதுமை. மூன்றுமே வேண்டாம் என்பது என் கருத்து. கையேடு அச்சுக்குப் போய்விட்டால் சொல்லை மாற்றுவது கடினம். அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> பழமைதானே இதோட சிறப்பு? தொல்கோதுமைன்னு சொன்னா யாருக்கும் புரிஞ்சிருமே.

புரியும் அண்ணா. ஆனால் விதையைக் கையில் வைத்துக்கொண்டு பாத்தி ஓரம் நிற்பவருக்கு அந்தச் சொல்லால் ஒரு உதவியும் இல்லை. ஐன்கார்ன், எம்மர், ஸ்பெல்ட், கோராசன் என்ற கோதுமை வகைகள் எல்லாவற்றையும் அது ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. ஐன்கார்னுக்குக் குரோமோசோம் 14, எம்மருக்கு 28, ஸ்பெல்ட்டுக்கு 42. நாம் சப்பாத்திக்கு அரைக்கும் கோதுமைக்கும் அதே 42தான். கோராசனும் ‘பழங்காலத்துக் கோதுமை’ என்றே விற்கப்படுகிறது. ஆனால் களத்தில் அடித்ததும் அதன் மணி உமியை விட்டு வந்துவிடும். எம்மரில் அப்படி வராது. வளர்ப்பவருக்கு முக்கியமான வேறுபாடு இதுதான். வயதைச் சொல்லும் பெயரில் இது தெரிவதே இல்லை.

இன்னொரு காரணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். ‘தொல்’, ‘பாரம்பரிய’ என்று சேர்த்தவுடன் உடம்புக்கு நல்லது என்ற வாக்குறுதியும் சேர்ந்துவிடுகிறது. இந்தக் கோதுமைகள் எல்லாவற்றிலும் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் என்னும் குடல்நோய் உள்ளவர்கள் ஐன்கார்னையும் உண்ணக்கூடாது, எம்மரையும் உண்ணக்கூடாது. ஒரு பெயரை நம்பி ஒரு குழந்தைக்கு யாரும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிடக் கூடாது. கையேட்டில் இதைத் தனிக்கட்டம் கட்டிப் போட வேண்டும்.

சம்பா கோதுமையைக் கைவிட எனக்கும் மனமில்லை. நம் கடைகளில் புழங்கும் சொல், சம்பா ரவை உப்புமா தெரியாத வீடும் இல்லை. ஆனால் சம்பா என்பது முதலில் நெல்லின் பெயர், பிறகு பருவத்தின் பெயர். அந்தப் பெயரில் பொட்டலத்தில் வருவதெல்லாம் எம்மர்தானா என்று ரவையைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. கடைப்பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும், கலைச்சொல்லாக வேண்டாம்.

என் முன்வைப்பு: உமிக்கோதுமை. ‘ஹல்ட் வீட்’ என்று பயிரியலார் சொல்வதற்கு நேரான சொல். ஐன்கார்ன், எம்மர், ஸ்பெல்ட் மூன்றும் இதில் அடங்கும், கோராசன் அடங்காது. ‘உமியை உடைய கோதுமை’ என்று விரிவதால் க் மிகும், சேர்த்தே எழுதலாம்.

இதைக் களத்தில் அடித்தால் மணி தனியே வராது. கதிர்த்தண்டு கணுக்கணுவாக ஒடிந்து சிறுகதிர்களாக விழும். மணி அந்தச் சிறுகதிருக்குள் இறுக மூடிக் கிடக்கும். பிறகு உரலில் போட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும். வரகும் சாமையும் குத்திய ஊரில் இதை விளக்க இரண்டு வரி போதும். லேசாகத் தண்ணீர் தெளித்து, பிசறி, உலக்கையை ஓங்காமல் விட்டுக் குத்த வேண்டும். கல்லுரலில் மணி நொறுங்கும், மரவுரல் நல்லது. குந்தாணி வைத்தால் வெளியே சிந்தாது. பிறகு முறத்தில் புடைத்து, உடையாத சிறுகதிர்களைப் பொறுக்கி மறுபடி உரலில் போட வேண்டும். இவ்வளவு வேலை இருப்பது பெயரைப் பார்த்ததுமே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

விதைப்புக்கும் இதே பெயர் உதவும். உமிக்கோதுமையை உமியோடுதான் விதைப்பது வழக்கம். உமி நீக்கும்போது முளைக்கரு அடிபட்டுவிடலாம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் என்பது சாதாரணக் கோதுமைக் கணக்கு. இதில் எடையில் கால்வாசி உமியே இருக்கும், ஆகவே 13 கிராம் வரை போடலாம். இரவு ஊறவைத்து, வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர் விட்டு, 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். நம் பக்கத்துக்கு ஐப்பசிக் கடைசி சரியான காலம். கார்த்திகை, மார்கழி, தை மாதக் குளிரில் தூர் கட்டி, வெயில் ஏறுவதற்குள் மணி பிடித்துவிட வேண்டும். விதைத்த மூன்றாவது வாரத்துத் தண்ணீரைத் தவறவிடக் கூடாது, தூருக்கான வேர் இறங்கும் நேரம் அது. அடுத்துப் பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் ஈரம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளாகிவிடும்.

கதிர் வந்தபின் காவல் வேண்டும். சிட்டுக்கும் கிளிக்கும் மேலாக இப்போது நம் தோட்டங்களில் மயில் பெரிய தொல்லை. சிறு பாத்திதானே, வலை கட்டிவிடுவது நல்லது.

> அப்ப ஐன்கார்ன், எம்மர் ரெண்டுக்கும் தனித்தனியாப் பேர் வேணுமேங்க?

வேண்டும், அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஐன்கார்ன் என்ற ஜெர்மன் சொல்லுக்கே ஒற்றை மணி என்றுதான் பொருள். அறிவியல் பெயரில் ஐன்கார்னின் மோனோகாக்கம் ஒரு மணி, எம்மரின் டைகாக்கம் இரண்டு மணி. சீனத்திலும் ஜப்பானியத்திலும் இப்படியே வைத்திருக்கிறார்கள். ஐன்கார்னின் ஒரு சிறுகதிரில் பெரும்பாலும் ஒரு மணி, எம்மரில் பெரும்பாலும் இரண்டு. ஆக ஒருமணிக் கோதுமை, இருமணிக் கோதுமை. உரித்துப் பார்க்கும் குழந்தைக்கும் சரிபார்த்துக்கொள்ள முடிகிற பெயர். ஸ்பெல்ட்டுக்கு இப்போதைக்கு ஸ்பெல்ட் போதும்.

கொங்கு நாட்டுத் தோட்டத்துக்கு இருமணிதான் பொருந்தும். ஒருமணியிலும் ஸ்பெல்ட்டிலும் பல ரகங்களுக்குப் பூக்க நீண்ட குளிர் வேண்டும். நம் ஊர் மார்கழி அதற்குப் போதாது, புல்லாகவே நின்றுவிடும். இருமணி நமக்குப் புதிதும் அல்ல. கர்நாடகத்தில் ஜவே கோதி, மகாராட்டிரத்தில் கப்ளி என்று இன்றும் விளைகிறது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் எச்டபிள்யூ 1098 என்ற இருமணி ரகத்தை வெளியிட்டிருக்கிறது. விதை தேடுவோர் ரகப்பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது.

வெலிங்டன் என்றதும் இதையும் சொல்லத் தோன்றுகிறது. கோதுமையைத் தாக்கும் பூஞ்சை நோய்களான தண்டுத்துருவும் இலைத்துருவும் சமவெளிக் கோடையில் பிழைக்காது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆண்டு முழுவதும் தங்கி, அங்கிருந்து காற்றில் தென்னிந்திய, நடு இந்திய வயல்களுக்குப் பரவுகின்றன என்று கண்டறிந்தவர் பயிர்நோய் அறிஞர் கே. சி. மேத்தா. நம் தோட்டங்கள் அந்த மலைகளின் அடிவாரத்திலேயே இருக்கின்றன. அமெரிக்காவில் மெக்ஃபேடன் என்ற பயிர் ஆய்வாளர் யாரோஸ்லாவ் என்னும் எம்மர் ரகத்தைச் சாதாரணக் கோதுமையோடு இணைத்துத் துருவைத் தாங்கும் ‘ஹோப்’ ரகத்தை உருவாக்கினார். துருவெதிர்ப்புக்காக உலகமே தேடிப் போன கோதுமை இந்த இருமணி.

> உமி இல்லாத கோதுமையே இல்லையே! சாதாரணக் கோதுமையிலும் உமி உண்டு. அதற்கு உதிர்கோதுமை என்று வைத்தால்?

நியாயமான கேள்வி. வேறுபாடு உமி இருப்பதில் இல்லை, அது மணியை விடுவதில்தான். நெல்லில் மணி உதிரும் ரகம் என்றால் குறையைச் சொல்கிறோம், அறுக்கும் முன்பே கொட்டிவிடும் என்று பொருள். அதனால் உதிர்கோதுமை குழப்பும். ‘உமி கழண்டு வருது’ என்பதுதானே நம் பேச்சு? ஆகவே சாதாரணக் கோதுமைக்குக் கழலுமிக் கோதுமை என்று வைக்கலாம். கழல்கின்ற உமி, வினைத்தொகை.

> உமிக்கோதுமை சரிங்க. ஆனா குத்துன பொறவு அதுக்கு என்ன பேருங்க?

பொள்ளாச்சி அம்மா கேட்டது இந்த இழையிலேயே சிறந்த கேள்வி. வரகு குத்தினால் வரகரிசி, சாமை குத்தினால் சாமையரிசி, மூங்கில் நெல்லிலிருந்து மூங்கிலரிசி. அந்த வரிசையில் இது கோதுமையரிசி. ஊறவைத்துச் சோறாகவும் ஆக்கலாம், உடைத்து ரவையாக்கலாம். இதே வழியில் ‘கோதுமை நெல்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். சொல் அழகுதான், ஆனால் நெல் வகை என்றே பலர் எண்ணுவார்கள்.

ஆக, கையேட்டுக்கு நான் கேட்பது: பொதுச்சொல் உமிக்கோதுமை, அதன் எதிர்ச்சொல் கழலுமிக் கோதுமை, பயிர்ப்பெயர்கள் ஒருமணி, இருமணி, குத்திய மணி கோதுமையரிசி. ‘சிறுகதிர்’ தாவரவியலில் உள்ளபடியே இருக்கட்டும்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. கம்பின் உமியைக் கொம்மை என்று தனியே சொல்கிறோம். கோதுமையின் இந்தத் தடித்த உமிக்கு அதை எடுத்தாளலாமா? கம்பு அடித்துப் பழகியவர்கள் எழுதுங்கள். ஈரோடு, கரூர்ப் பக்கப் புழக்கத்தையும் அறிய விரும்புகிறேன்.